பதினாறாவது இலக்கம்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கோயில் பார்க்க வருகிறவர்கள் யாரும் எட்டிப்பார்க்காத ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள் ஷீலா. அவள் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அம்மா கூடை சுமந்து மீன் விற்றுத்தான் அவளையும் அண்ணன் கிஷோரையும் வளர்த்தாள். கிஷோர் ஒன்பதாவதோடு படிப்பை விட்டுவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான். ஷீலா விடவில்லை. பன்னிரண்டாவது முடித்து, செங்கல்பட்டில் கல்லூரியிலும் சேர்ந்துவிட்டாள்.

குப்பத்தில் அது பலருக்குப் பிடிக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் ஒருவர் பேச்சை எடுத்தார். "வயசுப் பொண்ணு. காலைல பஸ் ஏறிச்சுன்னா வெளக்கு வெச்சப்புறம்தான் வூட்டுக்கு வருது. இன்னா படிப்பு இது?"

அவருக்கு எழுந்து நின்று பதில் சொன்னவர் பக்கத்து வீட்டு ஜம்புலிங்கம். ஆள் குள்ளம். ஆனால் குரல் மட்டும் அலைச் சத்தத்துக்கு மேலே நிற்கும்.

"அது படிக்கறதுல உனக்கு இன்னா பேஜாரு? உன் வூட்டுச் சோத்தையா துன்னுது? நம்ம சனத்துல ஒரு பொண்ணு ஆபீஸ்ல குந்தட்டுமே. கண்ணு பொறுக்கலையா?"

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஷீலாவுக்கு ஜம்புலிங்கம் மாமா முறை. அவர் மனைவி ஆதியம்மாள் அத்தை. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு ஓலைத் தட்டிதான். ஆதியம்மாள் குழம்பு வைத்தால் ஒரு கிண்ணம் தட்டிக்கு மேலாக இந்தப் பக்கம் வரும். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. கல்லூரியிலிருந்து வர நேரமாகிவிட்ட நாளில் பஸ் நிறுத்தத்தில் டார்ச்சோடு நிற்பது சில நாள் கிஷோர், பல நாள் ஜம்புலிங்கம்.

படிப்பு முடிந்து கொஞ்ச காலம் ஒரு ஜெராக்ஸ் கடையில் இருந்தாள். அப்புறம் செங்கல்பட்டில் ஒரு அறக்கட்டளையில் வேலை கிடைத்தது. கொளவாய் ஏரியைப் பார்த்த மாதிரி மாடியில் அலுவலகம். கடலோரக் குப்பங்களில் வேலை செய்கிற அறக்கட்டளை அது. கிருபாகரன் என்பவர் பொறுப்பாளர், ஷீலாவையும் சேர்த்து நான்கைந்து பேர் ஊழியர்கள். கடலோரத்துப் பெண் என்பதால்தான் தன்னை எடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதில் அவளுக்குப் பெருமைதான்.

அந்த ஆவணியில் அறக்கட்டளை ஒரு புதுத் திட்டத்தைத் தொடங்கியது. ஃபைபர் படகு வைத்திருப்பவர்களுக்கு ஆளுக்கொரு அபாயப் பெட்டி கொடுப்பது. ஆரஞ்சு நிறம், கைக்குள் அடங்கும் அளவு, தண்ணீரில் மிதக்கும். கடலில் ஆபத்து வந்தால் மேலே இருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். செய்தி மேலே போனதும் பச்சை விளக்கு எரியும். அதே நிமிடம் செங்கல்பட்டு அலுவலகத்துக் கணினியில் மணி அடிக்கும். திரையில் அந்தப் பெட்டியின் எண் வரும், பக்கத்தில் வரைபடத்தில் ஒரு புள்ளி. எண்ணை வைத்து யாருடைய படகு என்று பார்த்து, அவருக்குப் போன் போட வேண்டும். ஆள் கடலில் இருக்கிறார் என்று தெரிந்தாலோ, போன் எடுக்கவில்லை என்றாலோ உடனே கடலோரக் காவலுக்கும் அக்கம்பக்கத்துப் படகுகளுக்கும் சொல்லிவிட வேண்டும். பெட்டி தெரியாமல் அமுங்கிவிட்டது என்றால் முடித்துவைத்துவிடலாம். வலை இழுக்கும்போது முழங்கை பட்டு அமுங்குவதும், வீட்டில் குழந்தைகள் எடுத்து விளையாடுவதும் சகஜம். அதனால்தான் முதலில் போன்.

குப்பத்தில் பெட்டியைக் கொண்டுபோய் வைத்தபோது எல்லோரும் சிரித்தார்கள். "இது இன்னாம்மா, சோப்பு டப்பாவா?" என்று ஒருவர் கேட்டார். இதற்கும் ஜம்புலிங்கம்தான் முன்னால் வந்தார்.

"நம்ம பொண்ணு கொண்டாந்தது. நீங்க வாங்குனா வாங்குங்க, வாங்காட்டி போங்க. எனக்கு ஒண்ணு குடு ஷீலா."

அவர் வாங்கியதைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள். அன்றைக்கே எல்லோர் முன்னாலும் ஒரு பெட்டியைச் சோதித்துக் காட்டினாள். அண்ணன் பெட்டிதான் கையில் முதலில் வந்தது. கிஷோர் பொத்தானை அமுக்கினான். செங்கல்பட்டிலிருந்து போன் வந்தது: "கிஷோர் படகு, சரிதானே?" கூட்டம் கைதட்டியது. ஒன்று சரியாக இருந்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

பெட்டி எண்களின் பட்டியலை ஷீலாதான் கணினியில் ஏற்றியிருந்தாள். பெட்டி செய்த கம்பெனி அதை மெயிலில் ஒரு கோப்பாக அனுப்பியிருந்தது. ஒவ்வொரு எண்ணும் பதினாறு இலக்கம். அவள் கோப்பை இரண்டு தட்டு தட்டினாள். எக்செல்லில் திறந்தது. எண்கள் எண்களாகவே இல்லை. எட்டு, புள்ளி, ஆறு, நாலு, அப்புறம் ஈ, ஒரு கூட்டல் குறி, பதினைந்து. மேலிருந்து கீழ்வரை எல்லா வரியிலும் அதுவே. கல்லூரியில் கற்றுக்கொண்டது நினைவுக்கு வந்தது. அந்த வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, எண் என்று மாற்றி, தசமம் வேண்டாம் என்று கொடுத்தாள். ஈயும் கூட்டல் குறியும் மறைந்து, நீளமான எண்கள் பளிச்சென்று வந்து நின்றன. நிம்மதியாகச் சேமித்தாள். எல்லாம் சைபரில் முடிவது கண்ணில் பட்டது. கம்பெனிக்காரன் அப்படித்தான் போடுவான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். பக்கத்தில் பெயர், குப்பம், போன் நம்பர் எல்லாவற்றையும் சேர்த்து, மேலே ஒரு கட்டம் வைத்தாள். வருகிற எண்ணை அந்தக் கட்டத்தில் ஒட்டினால் பெயரும் போனும் தானே வந்து நிற்கும். கிருபாகரன் பார்த்துவிட்டு, "பிரமாதம்மா" என்றார்.

கார்த்திகை பாதிக்கு மேல் ஒரு நாள். காலையில் வாடைக்காற்று கொஞ்சம் எடுத்திருந்தது. அலுவலகத்துக்கு டீ வந்த நேரம், மணி அடித்தது. ஷீலா கோப்பையை வைத்துவிட்டு எண்ணை நகலெடுத்துக் கட்டத்தில் ஒட்டினாள்.

கிஷோர் என்று வந்தது.

வரைபடத்தில் புள்ளி கரையிலிருந்து நன்றாகவே தள்ளி, கடலுக்குள் இருந்தது. கைபேசியை எடுத்து அண்ணனுக்குப் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. வெட்டிவிட்டுக் கடலோரக் காவலுக்குப் போடலாமா என்று நினைத்த நொடியில் அந்தப் பக்கம் குரல் வந்தது.

"இன்னாம்மா?"

"அண்ணா! நீ எங்க கீற?"

"வூட்லதான். எஞ்சின் ரிப்பேரு, தொழிலுக்குப் போல. துன்னுகினு இருக்கேன். ஏன், இன்னா ஆச்சு?"

ஷீலா நாற்காலியில் அப்படியே சாய்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது. "உன் பொட்டிலருந்து மணி அடிச்சுச்சு. பயந்தே பூட்டேன். பொட்டி எங்க?"

"ஆணில மாட்டிகினு கீது. இரு பாக்கறேன்." எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தான். "யாரும் தொடலையே. லைட்டு கூட எரியல."

கிருபாகரன் அவர் அறை வாசலில் வந்து நின்றிருந்தார். "என்னம்மா, உங்க அண்ணனா?"

"வீட்ல சாப்பிட்டுட்டு இருக்கார் சார். பெட்டியும் வீட்லதான். ஆனா புள்ளி கடல்ல காட்டுது."

"புள்ளி எத்தனையோ தடவை தப்பாக் காட்டியிருக்கு. என் மேஜை மேல இருந்த பெட்டியையே நடுக்கடல்ல காட்டலையா? ஆளு பத்திரமா இருக்கார்ல, முடிச்சு வை."

அது உண்மைதான். முதல் மாதத்தில் அப்படி நடந்திருக்கிறது. ஷீலா 'தவறான அழைப்பு' என்று குறித்து முடித்துவைத்தாள். முடித்துவைத்தால் அதே பெட்டியிலிருந்து மறுபடி செய்தி வந்தாலும் சாயங்காலம் வரை மணி அடிக்காது. டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்தாள். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்ற நினைப்பு பகல் முழுக்க இனிப்பாக அவளுக்குள்ளே இருந்தது. அதைத்தான் பின்னால் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அவள் கிளம்புகிற நேரத்தில் கிஷோர் கூப்பிட்டான். "ஜம்பு மாமா இன்னும் கரைக்கு வரல. கூட வேல செய்யற பையன் தனகோடிய கூட்டிகினு விடியறதுக்கு முன்னாடி போனாரு. பகலுக்கே வந்துருக்கணும். அத்த அழுதுகினு கீது, நீ கொஞ்சம் பேசு."

ஆதியம்மாள் போனை வாங்கினாள். "ஷீலா, உங்க மாமா..."

"அத்த, நான் சொல்றத கேளு. மாமாகிட்ட பொட்டி கீது. அவரு இன்னிக்கு அமுக்கல. அமுக்கியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். எஞ்சின் நின்னு பூட்டிருக்கும், வேற போட்டுல கட்டி இஸ்துகினு வருவாங்க. பயப்படாத."

"நெசமாவா?"

"நெசமாத்தான் அத்த. நான் இங்க பாத்துகினுதான இருக்கேன்?"

ஆதியம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "நீ சொன்னா சரிடி" என்றாள். தேடப் போகலாம் என்று இரண்டு படகுகளைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தவர்களிடமும் ஆதியம்மாளே அதைச் சொன்னாள். அவர்கள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்கள்.

இருட்டுகிற நேரத்தில் சதுரங்கப்பட்டினத்துப் படகு ஒன்று தனகோடியைக் கொண்டுவந்தது. டீசல் கேனைக் கட்டிப்பிடித்தபடி மிதந்துகொண்டிருந்தவனைத் தற்செயலாகப் பார்த்து ஏற்றியிருக்கிறார்கள். அவனுக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனார்கள். ஜம்புலிங்கம் மறுநாள் வெயில் ஏறுகிற நேரத்தில், கல்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் கரை ஒதுங்கினார். பெட்டி அவர் மணிக்கட்டில் கயிற்றால் கட்டியிருந்தது.

சாவு வீட்டில் ஷீலா ஆதியம்மாளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து தனகோடியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். உதடெல்லாம் வெடித்திருந்தது. பிணத்தின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அழுதபடியே சொன்னான்.

"காலைலயே கவுந்துட்ச்சு. ஒரே அலை. கேன புடிச்சிகினு கெடந்தோம். மாமா பொட்டிய அமுக்கினாரு. பச்சை லைட்டு எரிஞ்சிச்சு. 'போய்ட்ச்சுடா தனகோடி, சேதி போய்ட்ச்சு. நம்ம ஷீலா அங்கதான் குந்திகினு கீது, அது பாத்துடும், ஆள அனுப்பும், கேன உட்டுடாத'ன்னாரு. உச்சி வெயிலு வரைக்கும் அதையேதான் சொல்லிகினு இருந்தாரு. அமுக்கிகினே இருந்தாரு. அப்பறம் கை ஓஞ்சிட்ச்சு. நான் கூப்டேன், பேசல."

சுற்றியிருந்த பெண்கள் ஷீலாவைப் பார்த்தார்கள். யாரும் கோபமாகப் பார்க்கவில்லை. புரியாமல் பார்த்தார்கள். ஆதியம்மாள் தலையைத் தூக்கி, "சேதி வரலையாடி உனக்கு?" என்று கேட்டாள்.

"வரல அத்த" என்றாள் ஷீலா. சொல்லும்போதே அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. காலை. டீ வந்த நேரம். கடலுக்குள் ஒரு புள்ளி.

காரியம் முடிந்த மறுநாள் அலுவலகத்துக்குப் போய், பையைக் கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்தாள். முடித்துவைத்த அழைப்பின் கீழே பார்த்தாள். மணி அடிக்காமலே வந்து விழுந்த செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன. உச்சி வெயில் வரைக்கும் வந்திருந்தன. பிறகு நின்றிருந்தன. அந்த எண்ணை மறுபடி நகலெடுத்துக் கட்டத்தில் ஒட்டினாள். கிஷோர் என்றுதான் வந்தது. செய்தியில் இருந்த எண் ஏழில் முடிந்தது. கட்டத்தில் ஒட்டிய எண் சைபரில் முடிந்தது. ஒட்டினதும் ஏழு எங்கே போனது? மறுபடி ஒட்டினாள். மறுபடி சைபர். பட்டியலில் தேடினாள். கிஷோர் பெட்டிக்கும் அதே எண், அடுத்த வரியிலும் அதே எண், அதற்கடுத்த வரியிலும். ஜம்புலிங்கம் வரியிலும் அதேதான்.

பெட்டிக் கம்பெனிக்குப் போன் போட்டாள். ஆல்வின் என்ற பையன் எடுத்தான். கோப்பை அனுப்பியவன் அவன்தான்.

"அக்கா, அந்த ஃபைல நேரா டபுள் க்ளிக் பண்ணித் தொறந்தீங்களா?"

"ஆமா."

"எக்செல் ஒரு நம்பர்ல பதினஞ்சு இலக்கம்தான் அக்கா வெச்சுக்கும். பதினாறாவது இருந்தா அதை சைபர் ஆக்கிடும். நம்மள எதுவும் கேக்காது. புது நம்பரை ஒட்டுனாலும் அதையேதான் பண்ணும். அதனால கடைசி இலக்கம் மட்டும் வேற வேறயா இருக்கற பெட்டியெல்லாம் ஒரே நம்பர் ஆயிடும். தேடுனா மொதல்ல இருக்கற ஆள் பேரைக் காட்டும்."

"அப்ப எப்படித் தொறக்கணும்?"

"காலி ஷீட்டைத் தொறந்து, மேல டேட்டான்னு இருக்கறது வழியா ஃபைலை உள்ள கொண்டாரணும். கொண்டாரும்போதே நம்பர் இருக்கற வரிசையை டெக்ஸ்ட்னு சொல்லிடணும். அப்ப அதை எழுத்தா வெச்சுக்கும். ஒரு புள்ளி கூட மாறாது. நீங்க எண்ணை ஒட்டற கட்டத்தையும் டெக்ஸ்ட் ஆக்கணும்."

"நான் சேமிச்சு வெச்சதுலருந்து பழைய நம்பரை எடுக்க முடியாதா?"

"முடியாதுக்கா. போனது போனதுதான். ஆனா என் மெயில்ல வந்த ஃபைல் அப்படியே இருக்கும். நோட்பேட்ல தொறந்து பாருங்க." அப்புறம் தயங்கிக் கேட்டான். "ஏன்க்கா, ஏதாவது ஆயிடுச்சா?"

அவள் போனை வைத்துவிட்டாள். மெயிலைத் தேடி எடுத்து நோட்பேடில் திறந்தாள். எல்லா எண்ணும் முழுசாக இருந்தது. கிஷோருடையது ஒன்றில் முடிந்தது. ஜம்புலிங்கத்துடையது ஏழில். மற்ற பதினைந்து இலக்கமும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். திரையில் அந்த ஏழின் மேல் விரலை வைத்தபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். மெல்லிய ஒரு கோடு. அதில் மாமா தொங்கிக்கொண்டிருந்திருக்கிறார், உச்சி வெயில் வரைக்கும்.

கிருபாகரனிடம் போய்ச் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. முகம் வெளிறி, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"சொல்லாதே. வேணும்னு செஞ்சதா என்ன? எனக்குக்கூடத் தெரியாது இப்படி ஆகும்னு. சிக்னல் வரலைன்னு இருக்கட்டும். கடல்ல வராமலும் போறது உண்டு. நீ அந்த ஊர்ல இருக்கணும்மா, யோசி. முதல்ல பட்டியலைச் சரிபண்ணு."

சரிபண்ணினாள். அன்றைக்கே காலியான ஷீட்டில், ஆல்வின் சொன்ன வழியில், எண்களை எழுத்தாக உள்ளே கொண்டுவந்தாள். நோட்பேடில் இருந்ததோடு ஒவ்வொரு வரியாக ஒத்துப்பார்த்தாள். ஜம்புலிங்கத்தின் எண்ணை ஒட்டினாள். இந்தத் தடவை அவர் பெயர்தான் வந்தது. ஊர், போன் நம்பர் எல்லாம் வந்தது. அலுவலகத்தில் எல்லோரும் இருக்கும்போதே அவள் மேஜைமேல் கவிழ்ந்து சத்தம் போட்டு அழுதாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் போகாமல் நேரே தட்டிக்கு அந்தப் பக்கம் போனாள். ஆதியம்மாள் தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். காதும் கழுத்தும் வெறுமையாக இருந்தன. கூட யாரும் இல்லை.

"அத்த, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

ஆதியம்மாள் எழுந்து உட்கார்ந்தாள். ஷீலா எதிரே மண்டியிட்டாள். எக்செல், இலக்கம் என்று தொடங்கினாள். அது எதுவும் ஆதியம்மாள் காதில் ஏறவில்லை என்று புரிந்ததும் நிறுத்தினாள்.

"மாமா அனுப்புன சேதி வந்துச்சு அத்த."

"வந்துச்சா?"

"வந்துச்சு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். ஆனா மாமா பேரு வரல, அண்ணன் பேரு வந்துச்சு. நான் போட்ட கணக்குல தப்பு. கடைசி நம்பரு அழிஞ்சு போயி, நம்ம குப்பத்துப் பொட்டி எல்லாம் ஒரே நம்பரா ஆயிட்ச்சு. எனக்குத் தெரியல. அண்ணனுக்குப் போன் போட்டேன். அவன் வூட்ல துன்னுகினு இருந்தான். சரி, ஒண்ணுமில்லன்னு உட்டுட்டேன்."

ஆதியம்மாள் அவளையே பார்த்தாள். "உங்கண்ணன் வூட்ல கீறான்னு தெரிஞ்சதும் நிம்மதியா இருந்துச்சா உனக்கு?"

ஷீலாவால் பொய் சொல்ல முடியவில்லை. "இருந்துச்சு அத்த."

"அன்னிக்கு நான் போன்ல அழுதப்போ, மாமா அமுக்கலன்னு சொன்ன. நான் அதை நம்பி எறங்குன போட்டையும் நிக்க வெச்சேன்." குரல் உயரவே இல்லை. "என் கையாலயே நிக்க வெச்சேன்டி."

"அத்த, என்னை அடி. ஏதாவது சொல்லு."

ஆதியம்மாள் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். "இன்னா சொல்றது. அவரு உன்னையே சொல்லிகினு செத்தாரு. போ." உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அழுகைச் சத்தம் கேட்கும் என்று ஷீலா காத்திருந்தாள். எதுவும் கேட்கவில்லை.

குப்பத்தில் சேதி பரவியது. சிலர் பெட்டிகளைக் கொண்டுவந்து அவள் வீட்டு வாசலில் வீசிவிட்டுப் போனார்கள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். ஊர்க்கூட்டம் போட்டு, அறக்கட்டளை ஆட்களை வரவழைத்துக் கேட்டார்கள். கிருபாகரன் தலைகுனிந்து எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டார். ஷீலா மறைக்காமல் சொல்லிவிட்ட பிறகு அவருக்கும் வேறு வழியில்லை. அவள் படிப்பைப் பற்றி அந்தக் காலத்தில் பேச்செடுத்த அதே மனிதர் இப்போதும் எழுந்தார். ஆனால் எதுவும் சொல்லாமல் மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஆதியம்மாள் கூட்டத்துக்கு வரவில்லை. யார் மேலும் புகார் எழுதித் தரமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஷீலா வேலையை விட எழுதிக் கொடுத்தாள். கிருபாகரன் வாங்கவில்லை. "நீ போயிட்டா அடுத்து வர்றவங்களும் ரெண்டு தட்டு தட்டித்தான் தொறப்பாங்க" என்றார். தை மாதம் முழுக்கக் கடலோரத்தில் ஒவ்வொரு குப்பமாகப் போனாள். ஒரு பெட்டியைச் சோதித்துவிட்டுத் திரும்புவதில்லை. ஒவ்வொருவரையும் அவரவர் பெட்டியை அமுக்கச் சொல்லி, அவரவர் பெயர் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்தவரிடம் போவாள். தன் குப்பத்துக்கு மட்டும் வேறு ஆளை அனுப்பினாள்.

மாசியில் கொக்கிலமேட்டுப் பக்கம் ஒரு படகு எஞ்சின் நின்று அலைக்கழிந்தது. மணி அடித்தது, சரியான பெயர் வந்தது, ஆட்கள் போனார்கள், மூன்று பேர் உயிரோடு வந்தார்கள். அவர்களில் ஒருவன் மனைவி அலுவலகத்துக்கே வந்து ஷீலாவின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஷீலா கையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் நின்றாள்.

செங்கல்பட்டிலேயே ஒரு அறை எடுத்துத் தங்கினாள். அம்மா மட்டும் வந்து பார்த்துவிட்டுப் போவாள். ஆதியம்மாள் மீன் விற்கக் கூடை தூக்கத் தொடங்கிவிட்டாள் என்றும், நடுவே இருந்த தட்டியை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பிக்கொண்டாள் என்றும் அம்மா சொல்லித்தான் தெரியும்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் பஸ் நிலையத்தில் கிஷோர் அவளைப் பார்க்க வந்தான். அவள் குப்பத்துக்கு வரமாட்டாள் என்பதால் அங்கே சந்திப்பதாகப் பேச்சு. ஆள் இளைத்திருந்தான். இரண்டு பேரும் டீ வாங்கி, குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எனக்குத் தூக்கமே வரமாட்டுது ஷீலா" என்றான். "அன்னிக்கு எஞ்சின் நல்லா இருந்து நானும் தொழிலுக்குப் போயிருந்தா, நீ போன் போட்டப்ப எடுத்துருக்க மாட்டேன் இல்ல?"

"ம்."

"நான் எடுக்கலன்னா நீ ஆள அனுப்பியிருப்ப."

அவள் டீக் கிளாசைக் கடை மேடையில் வைத்தாள்.

"புள்ளி சரியாத்தான காட்டுச்சு? அந்த எடத்துக்குத்தான போயிருப்பாங்க? என்னைத் தேடிப் போனாலும் மாமாவத்தான் தூக்கியிருப்பாங்க." அவன் குரல் உடைந்தது. "நான் போன எடுத்ததுதான்..."

"அண்ணா, வேணாம்."

"போனு ரொம்ப நேரம் அடிச்சிகினு இருந்துச்சு. சோத்துக் கை, எடுக்க வேணாம்னுதான் நெனச்சேன். அப்பறம் நீதானேன்னு எடுத்தேன்."

பஸ் நிலையத்துக் கூட்டத்துக்கு நடுவே அண்ணன் தோளில் கை வைக்க வேண்டும் என்று ஷீலாவுக்குத் தோன்றியது. வைத்தாள். அவன் தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. அழுது முடித்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வூட்டுக்கு வா. அம்மா கொழம்பு வெச்சிகினு கீது" என்றான்.

"அடுத்த வாரம் பாக்கலாம்ணா."

"போன வாரமும் இதையேதான் சொன்ன."

"ஆமா" என்றாள்.

செங்கல்பட்டு பஸ் வந்து நின்றது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கிஷோர் தன் பைக்கைக் கிளப்பாமல், பஸ் திரும்பும் வரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.